கணக்கைக் காட்டுங்கள்... கட்டணம் தருகிறோம்!

டிக்கெட்டில் அச்சாகும் 57 சதவீதம் முதல் பிங்க் புக்கில் ஒதுங்கிக் கிடக்கும் 1,000 ரூபாய் வரை: ரயில்வேயின் ஏடுகளில் மக்கள் கைக்கு வருவது எவ்வளவு, பூட்டிக் கிடப்பது எவ்வளவு?

காலை ஏழே முக்கால். தென்மாவட்ட ஜங்ஷன் ஒன்றின் முன்பதிவு மையம். கவுன்ட்டர் திறக்க இன்னும் கால் மணி நேரம் இருக்கிறது. அதற்குள் வரிசை வாசற்படி வரை வந்துவிட்டது. முதல் ஆளாக நிற்கும் பெரியவருக்கு எழுபது வயதைத் தாண்டியிருக்கும். வெளுத்த வேட்டி, சட்டைப் பையில் கண்ணாடிக் கூடு, கையில் நாலாக மடித்த படிவம். மனைவிக்குச் சென்னையில் கண் அறுவை சிகிச்சை. அதற்காகத்தான் இரண்டு டிக்கெட். பெயர், வயது, ரயில் எண் எல்லாவற்றையும் நிதானமாக எழுதியவர், ஒரு கட்டத்துக்கு வந்ததும் பேனாவை நிறுத்தி யோசிக்கிறார். மூத்த குடிமக்கள் சலுகை வேண்டுமா என்று கேட்கும் கட்டம் அது. 'ஆம்' என்று எழுதுகிறார்.

கவுன்ட்டர் திறந்ததும் படிவத்தை வாங்கிப் பார்த்த பெண் ஊழியர் நிமிர்ந்தார். "ஐயா, அந்தச் சலுகையை 2020-லயே நிறுத்திட்டாங்க. முழு டிக்கெட்தான் வரும்."

"கொரோனாதான் போயிடுச்சேம்மா?"

"மேல இருந்து இன்னும் உத்தரவு வரலீங்க ஐயா. போடட்டுங்களா?"

பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு ஓரமாக வந்து நின்றார். டிக்கெட்டில் இருந்த பொடி எழுத்தை அவரால் படிக்க முடியவில்லை. பின்னால் நின்ற கல்லூரி மாணவி வாங்கிப் படித்துச் சொன்னார். "ரயில்ல போற செலவுல சராசரியா 57 சதவீதத்தைத்தான் நம்மகிட்ட வாங்குறாங்களாம் தாத்தா."

"அப்படின்னு யாரும்மா கணக்குப் போட்டது?" என்றார் பெரியவர். "முப்பது வருஷம் மளிகைக் கடை வச்சிருந்தேன். பாக்கி கேட்கப் போனா பற்று நோட்டையும் கையோட எடுத்துக்கிட்டுத்தான் போவேன்."

அந்தக் கேள்வியின் நியாயத்தை மறுக்க முடியாது. கடனைச் சொல்லிக் காட்டுகிறவருக்குக் கணக்கைக் காட்டும் கடமையும் உண்டு. ஆண்டுக்குச் சுமார் 700 கோடி பயணங்கள் நடக்கும் இந்திய ரயில்வேயின் பற்று நோட்டு எங்கே இருக்கிறது, அதைப் பார்க்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது, பார்க்க முயன்றவர்களுக்கு என்ன கிடைத்தது? அதைத் தேடிப் போகிறது இந்தக் கவர் ஸ்டோரி.

கட்டணம் தெரியும்... கணக்கு தெரியாது

எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு எவ்வளவு என்பது ரகசியம் இல்லை. கட்டண அட்டவணை வெளியாகிறது. உயர்த்தினால் அறிவிப்பும் வருகிறது. 2025-ல் மட்டும் ஜூலை 1, டிசம்பர் 26 என இரண்டு முறை கட்டணம் ஏறியது. டிசம்பர் உயர்வில் சாதாரண வகுப்புக்கு 215 கிலோமீட்டருக்கு மேல் கிலோமீட்டருக்கு 1 காசு, மெயில், எக்ஸ்பிரஸ் ரயில்களுக்கு 2 காசு. ஏசி இல்லாத எக்ஸ்பிரஸ் பெட்டியில் 500 கிலோமீட்டர் போனால் 10 ரூபாய் கூடுதல். இந்த அளவுக்கு எல்லாமே வெளிப்படை.

ஏன் 2 காசு, ஏன் 3 காசு இல்லை என்று கேட்டால்தான் கதவு அடைபடுகிறது. ஒரு விரைவு ரயிலின் அடிப்படைக் கட்டணம் எப்படிக் கணக்கிடப்படுகிறது, தட்கலும் தேவைக்கேற்ப ஏறும் விலையும் அதில் எப்படிச் சேர்கின்றன என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் (ஆர்.டி.ஐ.) கீழ் ஒருவர் கேட்டார். கட்டணம் நிர்ணயிக்கும் முறை வணிக ரகசியம் என்று ரயில்வே பதில் சொன்னது. மத்தியத் தகவல் ஆணையமும் அந்த மறுப்பில் தலையிடவில்லை.

ரயில்வே காட்டியது சட்டத்தின் பிரிவு 8(1)(ஈ). வணிக ரகசியம், அறிவுசார் சொத்து ஆகியவற்றைத் தர வேண்டியதில்லை என்கிறது அந்தப் பிரிவு. ஆனால் அதன் வாசகம் அத்துடன் முடியவில்லை. அந்தத் தகவல் வெளியானால் மூன்றாம் தரப்பு ஒருவரின் போட்டித் திறன் பாதிக்கப்பட வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறது. பெரிய பொதுநலன் இருந்தால் அப்போதும் தகவலைத் தரலாம் என்ற விலக்கும் இருக்கிறது. திருநெல்வேலியிலிருந்து சென்னைக்கு ரயிலில் போக நினைப்பவருக்கு இந்திய ரயில்வேயை விட்டால் வேறு ரயில் கிடையாது. போட்டிக்கு இன்னொரு கம்பெனி இல்லாத தொழிலில் யாருடைய போட்டித் திறன் கெட்டுவிடும்? ரகசியம் என்று சொல்லுமுன் இந்தக் கேள்விக்கு ரயில்வே பதில் சொல்லியிருக்க வேண்டும்.

நூறாண்டுகளுக்கு முன்பே கேட்கப்பட்ட கேள்வி இது. 1917-ல் பம்பாயிலிருந்து சென்னைக்கு மூன்றாம் வகுப்பில் வந்த காந்தி, முதல் வகுப்புக் கட்டணம் மூன்றாம் வகுப்பைப் போல ஐந்து மடங்குக்கு மேல் இருப்பதைக் கணக்கிட்டு, ஏழைப் பயணிக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கு வசதியாவது கிடைக்கிறதா என்று எழுத்தில் கேட்டார். கட்டணத்தைக் கொடுப்பதோடு அதன் நியாயத்தைக் கேட்பதும் பயணியின் உரிமை என்ற எண்ணம் அப்போதே இருந்தது.

57, 53, 46, 47: மாறும் சதவீதங்கள்

டிக்கெட்டில் 57 சதவீத வாசகம் 2016 வாக்கில் அச்சாகத் தொடங்கியது. மீதி 43 சதவீதத்தை நாட்டின் பொதுமக்கள் சுமக்கிறார்கள் என்பது அதன் பொருள். பிறகு நாடாளுமன்றத்தில் வந்த பதில்களில் எண்கள் மாறின. 2019-20-ல் பயணிகளுக்குக் கிடைத்த மானியம் 59,837 கோடி ரூபாய், பயணி ஒருவருக்குச் சராசரி 53 சதவீதச் சலுகை என்றார்கள். 2022-23-க்கு அது 56,993 கோடி, 46 சதவீதம். 2025 மார்ச்சில் ரயில்வே அமைச்சர் அஷ்வினி வைஷ்ணவ் மாநிலங்களவையில் சொன்ன கணக்குப்படி, ஒரு பயணியை ஒரு கிலோமீட்டர் கொண்டுசெல்ல 1 ரூபாய் 38 காசு ஆகிறது, வாங்குவது 73 காசு. அதாவது 47 சதவீதம் மானியம்.

ஆண்டுக்கு ஆண்டு செலவும் வரவும் மாறும்போது சதவீதமும் மாறுவது இயல்பு. அதில் குற்றம் காண ஒன்றுமில்லை. ஆனால் அந்த 1 ரூபாய் 38 காசுக்குள் என்னென்ன அடங்கியிருக்கின்றன? பொதிகை எக்ஸ்பிரஸ் ஓடும் அதே தண்டவாளத்தில்தான் சரக்கு ரயிலும் ஓடுகிறது. அந்தத் தண்டவாளம் தேய்வதிலும், சிக்னல் பராமரிப்பிலும், கேட் கீப்பர் சம்பளத்திலும், ஓய்வுபெற்ற ஊழியரின் பென்ஷனிலும் பயணிகள் பங்கு எவ்வளவு, சரக்கின் பங்கு எவ்வளவு? இதைப் பிரிக்கும் விதியை ஒரு புள்ளி நகர்த்தினாலும் பயணிகள் நஷ்டம் பல நூறு கோடி ஏறும், இறங்கும். சரக்கில் வரும் லாபம் பயணிகள் நஷ்டத்தை ஈடுகட்டவே போய்விடுகிறது என்று மத்திய தணிக்கைத் துறையான சி.ஏ.ஜி.யும் தன் அறிக்கைகளில் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. நஷ்டம் உண்மைதான். அது எப்படிப் பிரிக்கப்படுகிறது என்பதை டிக்கெட் வாங்கியவர் அறியும்படி எளிய மொழியில், வகுப்பு வாரியாக, ரயில் வாரியாகச் சொல்லும் ஏடுதான் கையில் இல்லை.

ரயில் வாரியாகச் சொல்ல முடியாதா? 2024-ல் வந்தே பாரத் ரயில்களின் வருமானம் எவ்வளவு என்று ஆர்.டி.ஐ.யில் கேட்டார் ஒருவர். ரயில் வாரியாக வருமானக் கணக்கு வைத்துக்கொள்வதில்லை என்று பதில் வந்தது. அதே பதிலில், 2023-24-ல் வந்தே பாரத் ரயில்கள் ஓடிய தூரம் பூமியை 310 முறை சுற்றி வருவதற்குச் சமம் என்ற தகவலும் இருந்தது. ஓடிய தூரத்தை இவ்வளவு துல்லியமாக எண்ணும் நிர்வாகத்தால், வந்த பணத்தையும் எண்ணி வைக்க முடியும். டிக்கெட் ஒவ்வொன்றும் கணினி வழியாகத்தான் விற்கப்படுகிறது.

---

பெட்டிச் செய்தி 1: எண்கள் சொல்லும் சேதி

• 40%, 50%: 2020 மார்ச் 20 வரை 60 வயதான ஆண்களுக்கும் 58 வயதான பெண்களுக்கும் இருந்த சலுகை.

• 1,667 கோடி ரூபாய்: 2019-20-ல் மூத்த குடிமக்கள் சலுகையால் ரயில்வே விட்டுக்கொடுத்த தொகை. அந்த ஆண்டின் மொத்தப் பயணிகள் மானியத்தில் இது 3 சதவீதத்துக்கும் குறைவு.

• 2,800 கோடி ரூபாய்: 5 முதல் 12 வயதுக் குழந்தைகளுக்குத் தனி பெர்த் என்றால் முழுக் கட்டணம் என்ற விதியால் ஏழு ஆண்டுகளில் கூடுதலாக வந்தது.

• 1,229 கோடி ரூபாய்: 2021 முதல் 2024 ஜனவரி வரை ரத்தான காத்திருப்போர் பட்டியல் டிக்கெட்டுகளால் கிடைத்த வருமானம்.

• 10, 30, 10 ரூபாய்: பாசஞ்சர் ரயிலின் குறைந்தபட்சக் கட்டணம், கொரோனாவுக்கு முன், பின், 2024 பிப்ரவரி முடிவில்.

---

பத்து ரூபாய் மனு கொண்டுவந்த உண்மைகள்

மேலே உள்ள பல எண்கள் அறிக்கையாகத் தாமாக வெளிவந்தவை அல்ல. 10 ரூபாய் கட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு மனுப் போட்டு, பதில் வராவிட்டால் மேல்முறையீடு செய்து, சாதாரண மனிதர்கள் கேட்டு வாங்கியவை.

மூத்த குடிமக்கள் விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். சலுகை நின்ற 2020 மார்ச் 20 முதல் 2025 பிப்ரவரி 28 வரை, ஆர்.டி.ஐ. பதில்களின்படி, 31.35 கோடி மூத்த குடிமக்கள் முழுக் கட்டணம் கொடுத்துப் பயணித்திருக்கிறார்கள். ஆண்கள் கொடுத்தது 11,531 கோடி ரூபாய். பெண்கள் கொடுத்தது 8,599 கோடி. இனி இதில் யாரும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முதல் தொகையில் 40 சதவீதம் சுமார் 4,612 கோடி, இரண்டாவதில் பாதி சுமார் 4,300 கோடி. கூட்டினால் ஏறத்தாழ 8,900 கோடி. சலுகை இருந்திருந்தால் பெரியவர்களின் கையில் மிஞ்சியிருக்கக்கூடிய பணம் இது. ஒரு பயணத்துக்குச் சராசரி 284 ரூபாய்.

இதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சலுகை அடிப்படைக் கட்டணத்துக்கு மட்டும்தான், முன்பதிவுக் கட்டணத்துக்கும் சூப்பர்ஃபாஸ்ட் கட்டணத்துக்கும் கிடையாது. எனவே உண்மைத் தொகை இதைவிடக் கொஞ்சம் குறையலாம். சரியான எண்ணை ரயில்வேயால் மட்டுமே சொல்ல முடியும். அது ஆண்டுதோறும் தானே வெளியிட்டிருந்தால் பயணிகள் பெருக்கிக் கழித்து ஊகிக்க வேண்டியிருக்காது.

இத்தகைய எண்கள் செய்தித்தாள்களில் வரத் தொடங்கிய பிறகு பேச்சின் தன்மையே மாறியது. நாடாளுமன்றத்தில் கேள்விகள் குவிந்தன. ரயில்வேக்கான நிலைக்குழு, ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏசி வகுப்புகளிலாவது சலுகையைத் திரும்பத் தருவது பற்றிப் பரிசீலிக்கச் சொன்னது. சலுகை இன்னும் திரும்பவில்லை. ஆனால் 'நஷ்டம், முடியாது' என்ற ஒற்றைப் பதிலுக்கு எதிரே வைக்க மக்களின் கையில் இப்போது ஓர் எண் இருக்கிறது.

குழந்தைகள் கட்டணத்தின் கதை இன்னும் நெருடலானது. 2016 ஏப்ரல் 21-ல் விதி மாறியது. அதற்கு முன் அரை டிக்கெட்டுக்கே குழந்தைக்குத் தனி பெர்த் கிடைத்தது. மாறிய பிறகு அரை டிக்கெட் என்றால் பெர்த் இல்லை. ஏழு ஆண்டுகளில் 10 கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகள் முழுக் கட்டணத்தில் பெர்த் எடுத்துப் போனார்கள். அரைக் கட்டணத்தில் பெற்றோர் மடியிலும் காலடியிலும் ஒடுங்கிப் போனவர்கள் 3.6 கோடிக்கு மேல். இவ்வளவு பெரிய மாற்றம் குடும்பங்களின் பையிலிருந்து எவ்வளவு எடுத்தது என்பது, ஒரு மனுவின் பதிலாகத்தான் 2023-ல் நாட்டுக்குத் தெரிந்தது.

காத்திருப்போர் பட்டியலும் அப்படித்தான். 2023-ல் மட்டும் 5.26 கோடி காத்திருப்பு டிக்கெட்டுகள் ரத்தாயின. ரயில்வேக்கு 505 கோடி ரூபாய் வந்தது. இடம் கிடைக்காத பயணியிடமிருந்து பிடித்த பணம் இது. இந்த எண் இருந்தால்தான், எந்தத் தடத்தில் எத்தனை பேர் இடமில்லாமல் திரும்புகிறார்கள், எங்கே கூடுதல் ரயில் வேண்டும் என்ற அடுத்த கேள்விக்குப் போக முடியும்.

பதில் சொன்னதன் விலை

2023 டிசம்பரில் மத்திய ரயில்வே மண்டலத்திலிருந்து ஓர் ஆர்.டி.ஐ. பதில் வந்தது. ரயில் நிலையங்களில் வைக்கப்பட்ட செல்ஃபி பூத்களில் தற்காலிகமானது ஒன்றுக்கு 1.25 லட்சம் ரூபாய், நிரந்தரமானது 6.25 லட்சம் ரூபாய் என்று நேர்மையாகச் சொன்ன பதில் அது. சட்டம் எதிர்பார்க்கும் பதிலும் அதுதான்.

அதே மாத இறுதியில் ரயில்வே வாரியம் மண்டலங்களுக்கு ஓர் உத்தரவு அனுப்பியது. ஆர்.டி.ஐ. பதில்களின் தரம் குறைந்துவிட்டது, இனிப் பதில்கள் மண்டலங்களில் பொது மேலாளர், கோட்டங்களில் கோட்ட மேலாளர் ஒப்புதலோடு போக வேண்டும் என்றது. பதில்கள் பிழையின்றிப் போக வேண்டும் என்பது நல்ல நோக்கமே. ஆனால் சட்டப்படி பதில் சொல்லும் பொறுப்பும், தாமதமானால் நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அபராதம் கட்டும் பொறுப்பும் பொதுத் தகவல் அலுவலர் தலையில்தான் இருக்கிறது. பொறுப்பு ஒருவரிடம், அனுமதி இன்னொருவரிடம் என்றாகும்போது கீழே இருப்பவர் பேனாவை எடுக்கவே தயங்குவார். ஒளிவுமறைவில்லாத ஒரு பதிலுக்குப் பிறகு இப்படி ஒரு உத்தரவு வந்தால், மற்ற அலுவலர்கள் அதிலிருந்து எடுத்துக்கொள்ளும் பாடம் என்னவாக இருக்கும் என்பதுதான் கவலை.

மறுபுறம், மேல்முறையீட்டின் கடைசிப் படியான மத்தியத் தகவல் ஆணையத்தில் 2025 செப்டம்பரில் காலியான தலைமைத் தகவல் ஆணையர் பதவி டிசம்பரில்தான் நிரம்பியது. கட்டண உயர்வு அடுத்த வாரமே அமலுக்கு வருகிறது. அதன் கணக்கைக் கேட்டவரோ ஆணையத்தின் வாசலில் மாதக் கணக்கில் காத்திருக்கிறார்.

ஆயிரம் ரூபாயில் ஒரு ரயில் பாதை

கட்டணம் ஒரு பக்கம் என்றால், நிதி ஒதுக்கீடு மறுபக்கம். ஆக்வொர்த் குழுவின் பரிந்துரைப்படி 1924-ல் தனியாகப் பிரிந்த ரயில்வே பட்ஜெட்டை, கடைசியாக 2016 பிப்ரவரி 25-ல் சுரேஷ் பிரபு தாக்கல் செய்தார். அடுத்த ஆண்டு அது பொது பட்ஜெட்டில் கரைந்தது. புதிய ரயில், புதிய பாதை, கட்டணம் என்று நாடே காது கொடுத்துக் கேட்ட அந்த நாள் போய்விட்டது. எந்தப் பாதைக்கு எவ்வளவு என்ற விவரம் இப்போது 'பிங்க் புக்' என்ற புத்தகத்தில்தான் இருக்கிறது.

அந்தப் புத்தகத்தைத் திறந்து பார்த்தால், தொகைகள் எல்லாம் ஆயிரங்களில் அச்சாகியிருக்கும். அப்படியென்றால் அதில் அச்சிடக்கூடிய மிகச் சிறிய ஒதுக்கீடு 1. அதாவது ஆயிரம் ரூபாய். ஈரோடு-பழனி, மாமல்லபுரம் வழியாகச் சென்னை-கடலூர், அத்திப்பட்டு-புத்தூர், ஸ்ரீபெரும்புதூர்-கூடுவாஞ்சேரி என்று தமிழ்நாட்டின் கனவுப் பாதைகள் பல, சில ஆண்டுகளில் இந்த ஆயிரம் ரூபாயோடுதான் நின்றன. திட்டத்துக்கு உயிர் இருக்கிறது என்பதற்கு மட்டும் அது சாட்சி. ஆயிரம் ரூபாயில் ஒரு சர்வே கல் நடுவதுகூடக் கஷ்டம்.

தமிழ்நாட்டுக்கு 2025-26-ல் 6,626 கோடி ரூபாய், 2009-14 ஆண்டுகளின் சராசரியான 879 கோடியைப் போல ஏழரை மடங்கு என்று ரயில்வே சொல்கிறது. பெரிய தொகைதான். ஆனால் அந்தத் தொகையில் புதிய பாதைக்கு எவ்வளவு, இரட்டைப் பாதைக்கு எவ்வளவு, நிலைய அழகுபடுத்தலுக்கு எவ்வளவு, ஆண்டு முடிவில் உண்மையில் செலவானது எவ்வளவு என்று ஒரே பக்கத்தில் பார்க்க முடிந்தால்தான் ஈரோட்டுக்காரருக்கும் கடலூர்க்காரருக்கும் அது பயன்படும். நிலம் கையகப்படுத்தித் தரவில்லை என்று ரயில்வே மாநில அரசைச் சொல்கிறது, பணம் ஒதுக்கவில்லை என்று மாநில அரசு ரயில்வேயைச் சொல்கிறது. இருவருக்கும் இடையே போய்வந்த கடிதங்கள் மக்கள் பார்வைக்கு வந்தால் யார் சொல்வது சரி என்று ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

2025 ஜனவரியில் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். அருப்புக்கோட்டை வழியாக வர வேண்டிய மதுரை-தூத்துக்குடி பாதை வேண்டாம் என்று மாநில அரசே எழுதிவிட்டதாகச் சென்னையில் ரயில்வே அமைச்சர் சொன்னதாகச் செய்தி வந்தது. அப்படி எழுதவே இல்லை என்று மாநில அரசு மறுத்தது. கடைசியில், சத்தத்துக்கு நடுவே தனுஷ்கோடி பாதை பற்றிய கேள்வி என்று அமைச்சர் புரிந்துகொண்டார் என ரயில்வே விளக்கம் கொடுத்தது. இடைப்பட்ட நாட்களில் அருப்புக்கோட்டை, விளாத்திகுளம் பக்கத்து மக்கள் தங்கள் பாதை போய்விட்டது என்றே நினைத்துத் தவித்தார்கள். ஒவ்வொரு திட்டத்தின் கோப்பும் அதன் இன்றைய நிலையோடு இணையத்தில் இருந்திருந்தால், சரியாகக் காதில் விழாத ஒரு கேள்வி ஒரு வட்டாரத்தையே கலக்கியிருக்காது.

ஏடு திறந்தால் உயிரும் காக்கும்

கணக்கு வெளிப்படுவது பணத்தோடு முடிகிற விஷயம் அல்ல. 2017-18-ல் ஒரு லட்சம் கோடி ரூபாய் இலக்கோடு ரயில் பாதுகாப்புக்கென்றே ஒரு சிறப்பு நிதி தொடங்கப்பட்டது. தண்டவாளம் மாற்றுவது, சிக்னல், பாலம் போன்ற அவசியப் பணிகளுக்கான பணம் அது. ரயில்கள் தடம்புரள்வது பற்றி 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட சி.ஏ.ஜி. அறிக்கை அந்த ஏட்டைத் திறந்து காட்டியது. நான்கு ஆண்டுகளில் ரயில்வே தன் வருவாயிலிருந்து போட வேண்டிய 20,000 கோடியில் 15,775 கோடி போடப்படவில்லை. போட்ட பணத்திலும் ஒரு பகுதி பாத்திரம் பண்டம், மேசை நாற்காலி, குளிர்கால ஜாக்கெட் போன்ற செலவுகளில் கணக்கெழுதப்பட்டிருந்தது.

அந்த அறிக்கை வந்தபோது பெரிய பேச்சு எழவில்லை. ஆறு மாதம் கழித்து, 2023 ஜூன் 2 இரவு, ஒடிசாவின் பாலசோர் அருகே கோரமண்டல் எக்ஸ்பிரஸ் விபத்தில் சிக்கி 290-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஷாலிமாரிலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்த ரயில் அது. அதன் பிறகுதான் நாடே அந்த அறிக்கையைத் தேடி எடுத்துப் படித்தது. நிதிக் குறைவுதான் அந்த விபத்துக்குக் காரணம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் பாதுகாப்புப் பணம் எங்கே போகிறது என்று பயணிகள் காலாண்டுக்கு ஒருமுறை பார்க்க முடிந்தால், கேள்விகள் விபத்துக்கு முன்பே எழும். அது உயிர் காக்கிற வெளிப்படைத்தன்மை.

---

பெட்டிச் செய்தி 2: நீங்களும் கேட்கலாம்

• 2005 அக்டோபர் 12 முதல் அமலில் இருக்கும் தகவல் அறியும் உரிமைச் சட்டம் ரயில்வேக்கும் பொருந்தும். இதற்கு முன்னோடியாக 1997-லேயே தனிச்சட்டம் இயற்றிய முதல் மாநிலம் தமிழ்நாடு.

• கட்டணம் 10 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இலவசம். மத்திய அரசின் ஆர்.டி.ஐ. இணையதளத்திலும் விண்ணப்பிக்கலாம்.

• ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. மனு 500 சொற்களுக்குள் இருந்தால் நல்லது.

• தவறான அலுவலகத்துக்குப் போயிருந்தால் 5 நாட்களுக்குள் சரியான இடத்துக்கு அவர்களே அனுப்ப வேண்டும்.

• 30 நாட்களில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு. அதன் பிறகு 90 நாட்களுக்குள் மத்தியத் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு.

• கோப்பை நேரில் பார்க்கவும் கேட்கலாம். முதல் ஒரு மணி நேரம் இலவசம். நகல் பக்கத்துக்கு 2 ரூபாய்.

• கருத்தைக் கேட்காதீர்கள், ஏட்டைக் கேளுங்கள். 'ஏன் உயர்த்தினீர்கள்?' என்பதைவிட 'உயர்த்த முடிவெடுத்த கோப்பின் நகல் தாருங்கள்' என்பது பலன் தரும்.

---

ரயில்வே தரப்பின் நியாயம்

ரயில்வே சொல்வதையும் செவிமடுத்துக் கேட்க வேண்டும். பயணிகள் சேவையில் நஷ்டம் இருக்கிறது. 2023-24-ல் 100 ரூபாய் சம்பாதிக்க 98 ரூபாய் 43 காசு செலவானது. ஒரு கட்டணத்தின் பின்னே இருக்கும் கணக்கு சிக்கலானது, அரைகுறையாகப் புரிந்துகொண்டு வழக்குப் போடுவார்கள் என்ற அச்சமும் இருக்கிறது. கோட்ட அலுவலகங்களில் பொதுத் தகவல் அலுவலர் என்பவர் தன் அன்றாட வேலைக்கு மேல் இந்தப் பொறுப்பையும் சுமப்பவர். ஒரே ஆளிடமிருந்து கட்டுக் கட்டாக மனுக்கள் வந்தால் அவர் திணறத்தான் செய்வார்.

இத்தனைக்கும் மருந்து சட்டத்திலேயே இருக்கிறது. பிரிவு 4-இன்படி, யாரும் கேட்காமலேயே அலுவலகங்கள் தங்கள் தகவல்களைத் தாமாக வெளியிட வேண்டும். மக்களைப் பாதிக்கும் முடிவுகளை அறிவிக்கும்போது அதற்கான எல்லா விவரங்களையும் சேர்த்தே வெளியிட வேண்டும் என்றும் அது சொல்கிறது. கட்டண உயர்வைவிட மக்களைப் பாதிக்கும் முடிவு வேறென்ன? தரவுகள் எல்லாம் 1986 முதல் இயங்கும் ரயில்வேயின் தகவல் தொழில்நுட்ப அமைப்பான கிரிஸ் வசம் கணினியில் இருக்கின்றன. தானாக வெளியிட்டுவிட்டால் மனுவே வராது, அலுவலர் திணற வேண்டியதும் இல்லை.

அப்படி வெளியிட வேண்டியவை என்று நான்கைச் சொல்லலாம். கட்டணம் உயரும் அன்றே, ஒரு கிலோமீட்டர் செலவு எந்தெந்த இனங்களால் ஆனது என்ற பிரிப்பு. ஒவ்வொரு சலுகையாலும் விட்டுக்கொடுத்த தொகை, சலுகை நின்றதால் மிஞ்சிய தொகை என்ற ஆண்டறிக்கை. பட்ஜெட் நாளிலேயே பிங்க் புக், அதில் சென்ற ஆண்டு உண்மையில் செலவான தொகைக்கு ஒரு பத்தி. ஒருவருக்குத் தந்த ஆர்.டி.ஐ. பதில் எல்லோருக்கும் தெரியும்படி மண்டல வாரியாக இணையத்தில். இவற்றுக்குப் புதிய சட்டம் தேவையில்லை, மனம் இருந்தால் போதும்.

பெரியவருக்கு ஒரு மனு

முன்பதிவு மையத்தின் சிமென்ட் திண்ணையில் அந்தப் பெரியவர் சற்று நேரம் உட்கார்ந்திருந்தார். டிக்கெட்டை மஞ்சள் பைக்குள் பத்திரப்படுத்திவிட்டு, பையிலிருந்த வெள்ளைத்தாளில் மாணவியிடம் எழுதச் சொன்னார். பாசஞ்சர் ரயிலில் பக்கத்து ஊருக்குப் போக ஆகும் 10 ரூபாய்தான் இந்த மனுவுக்கும் ஆகும் என்று தெரிந்ததும் அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. அவர் சொல்லச் சொல்ல அந்தப் பெண் எழுதியது இதுதான்:

"ஐயா, என் டிக்கெட்டில் பயணச் செலவில் 57 சதவீதம்தான் வாங்குவதாக அச்சிட்டிருக்கிறது. 1) இந்த 57 எந்த ஆண்டின் கணக்கு? 2) அந்தக் கணக்குப் போட்ட ஏட்டின் நகல் வேண்டும். 3) நகல் தர முடியாது என்றால், நான் நேரில் வந்து பார்க்க ஒரு நாள் குறித்துத் தரவும்."